ஏறி அளக்காமல் விலை சொல்லாத எங்கள் அண்ணன்

பதினாறாம் நாளான இன்று எங்கள் துக்கத்தில் பங்குகொள்ள வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்தார். உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மறுக்க முடியவில்லை. அண்ணன் பொறுமைசாலி என்று துக்கம் கேட்க வந்த எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பொறுமை முழுவதையும் அவரே வைத்துக்கொண்டார். எங்களுக்கு ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லை.

அண்ணன் மேல்சித்தாமூருக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். எங்கள் அப்பா, நைனா என்றே கூப்பிடுவோம், இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. படிப்பை நிறுத்திவிட்டு, செஞ்சி கடைத்தெருவில் கூரை ஷீட் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். பிறகு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாகக் கடை வைத்தார்.

கூரைக்கு என்ன செலவாகும் என்று கேட்டால், மற்ற கடைக்காரர்கள் வீட்டின் நீள அகலத்தைக் கேட்டு உட்கார்ந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அண்ணன் மாட்டார். சரிவான கூரைக்குத் தரையை அளந்தால் ஷீட் குறையும் என்பார். நேரில் போய் ஏணி வைத்து ஏறுவார். ஓரடி ரசமட்டத்தின் ஒரு முனையைச் சரிவில் பதித்து, குமிழி நடுவில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு, மறுமுனையிலிருந்து சரிவு எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று டேப்பால் அளப்பார். ஓரிடத்தில் அளந்தால் போதாது. நான்கு மூலையிலும் அளக்க வேண்டும், நடுவிலும் அளக்க வேண்டும். இறங்கி டீ குடித்துவிட்டு, சந்தேகம் வந்து மறுபடி ஏறுவார். அதற்குள் வீட்டுக்காரர் வேறு கடைக்குப் போயிருப்பார்.

சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் மகள், சரிவை அளந்து காட்டும் போன் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தாள். இனிமேல் வேலை சீக்கிரம் முடியும் என்று நம்பினோம். போன் சொல்வது சரியா என்று ரசமட்டத்தால் சோதிக்க ஆரம்பித்தார். வேலை இரட்டிப்பானது.

என் மகன் திருமணத்துக்கு வரும் உறவினர்கள் தங்க, மொட்டை மாடியில் ஷீட் கூரை போட நினைத்தேன். இரும்புச் சட்டம் தயார். அண்ணன் அளக்க வந்த முதல் நாள் தூறல் போட்டதால் திரும்பிவிட்டார். இரண்டாம் முறை, டேப்பின் கொக்கி வளைந்திருக்கிறது என்று திரும்பினார். மூன்றாம் முறை, சட்டத்தின் சரிவே போதாது, உயர்த்திக் கட்டு என்றார். வெல்டர் ஊரில் இல்லை, பத்திரிகை அடித்தாகிவிட்டது, ஐப்பசியும் நெருங்கிவிட்டது. நீயும் வேண்டாம், உன் அளவும் வேண்டாம் என்று அண்ணி எதிரிலேயே கத்திவிட்டேன். அவர் ரசமட்டத்தைத் துணியால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நான் கூப்பிட்ட வேறொருவர் தெருவில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துப் பத்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். மூன்று நாளில் கூரை முடிந்தது. அண்ணனைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

திருமணத்துக்கு முந்தைய நாள் மதியம், மாடியில் பந்தி நடக்கும்போது காற்றோடு மழை பிடித்தது. ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடமெல்லாம் தண்ணீர் உள்ளே ஏறிக் கொட்டியது. சம்பந்தியம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து சுவரோரம் நின்றார். அந்த நேரத்தில்தான் அண்ணன் பட்டு வேட்டியில், தாய்மாமன் சீரோடு, மேளம் முழங்க வந்து சேர்ந்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி கேட்டார்.

மேளக்காரர் நிற்கிறார், ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள், மாமன் ஏணி உச்சியில் நனைந்துகொண்டு அங்குலம் பார்க்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியைப் பிடித்தேன். இறங்கியதும் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அடிக்கு ஒரு அங்குலம் கூட எறங்கலம்மா," என்றார். "தண்ணி இன்னா பண்ணும், பாவம்."

அவருக்குத் தண்ணீர்மீதுதான் இரக்கம். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. கடையிலிருந்து தார்ப்பாய் வரவழைத்து, அதன் சரிவையும் அளந்துதான் கட்டினார். அதன் பிறகே சீர்த் தட்டைக் கையில் எடுத்தார். மறுவாரம் ஷீட்டையெல்லாம் பிரித்து, சட்டத்தை உயர்த்தி, புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அதற்கும் நான்கு முறை அளக்க வந்தார். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. நீ சொன்னதுதான் சரி அண்ணா என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

சென்ற ஆண்டு இதயத்தில் அடைப்பு என்று சொல்லி, ஏணி ஏறவே கூடாது என்றார் மருத்துவர். அண்ணி ஏணியைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்தார். அண்ணன் வாடிக்கையாளர் வீட்டு ஏணியில் ஏறினார். சண்டை போடப் போனேன். அளவை அவர்களே சொல்லட்டுமே என்றேன்.

"ஒழுகினா பாயச் சுருட்டிக்கினு மூலைல குந்தறது அவுங்கதானம்மா," என்றார். "நாம இல்லியே."



கடைசி மூன்று நாள் புதுச்சேரி மருத்துவமனையில் இருந்தார். மூச்சு விடச் சுலபமாக இருக்கட்டும் என்று நர்ஸ் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். கட்டில் இடப்பக்கம் சாய்கிறது என்றார் அண்ணன். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மகள் சரிவு காட்டும் அந்தப் போனை வைத்துப் பார்த்தாள். சாய்ந்துதான் இருந்தது. மறுநாள் காலையில் போய்விட்டார்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், ஏணியை ஒளித்து வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களில் தோள்கொடுத்த கடைத்தெரு நண்பர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஒரு விலை கேட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த வாடிக்கையாளர்களிடம் குடும்பத்தின் சார்பில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். அவர் நோட்டில் நான்கு வீடுகளின் அளவு பாதியில் நிற்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் இனிக் காத்திருக்க வேண்டாம், வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வருகிறவர் தெருவில் நின்றபடியே விலை சொன்னால், தயவுசெய்து அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.