ஆயுள் கம்மி

வீட்டில் அவளுக்குச் சாயக்காரி என்று பெயர். படித்த படிப்புக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேறு எங்கே கிடைக்கப்போகிறது? விரல் இடுக்கில் எப்போதும் ஊதாக்கறை. எந்தச் சோப்புக்கும் அது மசியவில்லை.

அவள் செய்வது பார்ஃபைரின். ரத்தத்துக்குச் சிவப்பும் இலைக்குப் பச்சையும் தருகிற வளைய மூலக்கூறுகள் இருக்கின்றனவே, அந்தக் குடும்பம். இரண்டு திரவங்களை அமிலத்தில் கொதிக்கவைத்தால் குடுவை நிறையத் தார்தான் வரும். நாள் முழுக்க நின்று அந்தத் தாரைப் பிரித்தால் ஒரு சிட்டிகை ஊதாப் படிகம் மிஞ்சும். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான். ஆனால் அதைக் கரைத்து, இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டினால் ரத்தச் சிவப்பாய் ஒளிரும். ஒளியை வாங்கிய மூலக்கூறு துள்ளி எழும், கண் இமைப்பதற்குள் அடங்கும். காற்று பட்டால் இன்னும் சீக்கிரம் அடங்கும். எழுவதற்கும் அடங்குவதற்கும் இடையில் உள்ள நேரத்தை ஆய்வகத்தில் ஆயுள் என்பார்கள். "ஆயுள் தேறுமா?" என்று டீ குடித்துக்கொண்டே கேட்பார்கள். யாருக்கும் நெஞ்சு துணுக்குறாது.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருக்குக் குடலில் கட்டி. சீக்கிரம் எடுத்துவிட்டால் பல வருஷம் நன்றாக இருப்பார் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். "கட்டின்னு சொன்னா பயத்துலயே போயிடுவாரு. புண்ணுன்னு சொல்லிடலாம்" என்று அம்மாவின் வாயை அடைத்தவள் இவள்தான். அளவில் ஒரு துளி பிசகைப் பொறுக்காதவள், அப்பா விஷயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, அறைக் கதவோரம் நின்று, கூட வேலை பார்க்கிறவளோடு போனில் பேசினாள். பல மாதம் பாடுபட்டுச் செய்த புது வளையம் காலை வாரிவிட்ட எரிச்சல்.

"காத்தை முழுசா எடுத்துட்டும் பாத்தாச்சுடி. ஆயுள் ரொம்பக் கம்மி. இதுக்கு மேல வெட்டி ஒட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல. விட்டுடலாம்."

மறுநாள் காலையில் நர்ஸ் கையெழுத்துக்கு வந்தபோது அப்பா பேனாவைத் தள்ளிவிட்டார். "அறுக்க வேணாம். வீட்டுக்குப் போகலாம்."

"ஏம்பா?"

"நீதானம்மா சொன்ன? ஆயுள் கம்மி, வெட்டிப் பிரயோஜனம் இல்லன்னு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, அது நான் செஞ்ச சாயத்தைப் பத்திப்பா! அதோட ஆயுள்!"

"சாயத்துக்கு ஏதும்மா ஆயுசு?" அப்பா சிரித்தார். "சாயம் வெளுத்துப்போச்சு, விடு."

வேறு வழியில்லாமல் உண்மையைக் கொட்டினாள். "புண்ணு இல்லப்பா, கட்டிதான். ஆனா எடுத்துட்டா சரியாயிடும். டாக்டரையே கேளுங்க."

"நேத்து வரைக்கும் புண்ணு, இன்னைக்குக் கட்டி. அவரும் புண்ணுன்னுதான சொன்னாரு?"

டாக்டரை அப்படிச் சொல்லச் சொன்னவளே அவள்தானே.

ஆய்வகத்துக்கு ஓடி, குப்பியும் விளக்குமாய்த் திரும்பி வந்தாள். திரையை இழுத்துவிட்டு விளக்கைக் காட்டினாள். குப்பி சிவந்து ஒளிர்ந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி பார்த்தார்.

"இதோட ஆயுளைத்தான்பா சொன்னேன்."

"இது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கே. இதுக்கா ஆயுசு கம்மி?"

ஒவ்வொரு மூலக்கூறும் எழுந்து அடங்கி மறுபடி எழுகிறது, அதனால்தான் அணையாத மாதிரி தெரிகிறது என்று விளக்கினாள். அழுகையில் பாதிதான் வெளியே வந்தது. அப்பா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "அப்பனுக்காக எவ்வளவு கஷ்டப்படுற, பாவம்."

அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் காலில் விழுந்துகூடப் பார்த்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே பல்லவிதான்: "எல்லாரும் எங்கிட்ட மூடி மறைச்சாங்க. என் பொண்ணு ஒருத்திதான் பட்டுன்னு உண்மையைச் சொன்னா." அவள் மறுக்க வாயெடுத்தால், "அடக்கம்" என்று சிரிப்பார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா உன்னைப் பத்திதான்மா பெருமையாப் பேசிக்கிட்டே இருந்தாரு" என்றார்கள். அம்மா மட்டும் அவள் பக்கம் திரும்பவே இல்லை.