பிடித்த கதியால்

வறை வறுக்கச் சண்டி மரத்து இலை அரிந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோனேன். இன்றும் அதே பச்சை வாசம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றக் காணிக்கு வந்தோம். ஊரில் வெட்டிவந்த சண்டித் தடிகளை அப்பா வேர்விட்டுத் துளிர்க்கும் வேலிக் கதியாலாக நட்டார்.

"கதியால் பிடிச்சா இஞ்சையே இருப்பம். பிடிக்காட்டித் திரும்பிப் போவம்" என்றார்.

எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. விடிந்ததும் வேலிக்கு ஓடுவேன். ஒருநாள் துளிர் கண்டேன். மறுநாள் அதைக் காணவில்லை. எங்களிடம் ஆடு மாடும் இல்லை. இன்னொரு துளிர் வந்தது, அதுவும் போனது. வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது.

ஒரு காலை அம்மா என் முகத்தைக் கழுவிவிட்டார். அவர் விரல்களில் இதே வாசம்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அப்பா அம்மாவிடம் கேட்டார்: "இஞ்சாரும், கதியால் பிடிச்சிட்டுதே?"

அம்மா சோறு போட்டபடியே சொன்னார்:

"கதியாலுக்குப் பிடிச்சிட்டுது. எனக்குத்தான் பிடிக்கேல்லை."

அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

நாங்கள் திரும்பிப் போகவில்லை. இன்றைய இலையும் அந்த வேலியில் ஒடித்ததுதான். அம்மாவும் சாகும்வரை அதில்தான் ஒடித்தார். பிடித்ததா என்று அப்பா பிறகு கேட்கவேயில்லை.