தங்கையின் முட்டிக்கு ஏற்ற துறைமுகங்கள்

பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தைத் தாண்டி, எக்ஸ்ரே எடுக்கும் அறையையும் தாண்டி, கழிப்பறைக்கு எதிரே ஒரு கதவு உண்டு. அதற்குப் பின்னால்தான் பல்லக்காவின் ராஜ்ஜியம். பல் செட் செய்வது அவள் வேலை. டாக்டர் எடுத்துக் கொடுக்கும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகைச் சூடாக்கி, ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து, பளபளவென்று ஆக்கிக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேர் வாய் நிறையச் சிரிப்பது அவள் புண்ணியத்தில்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்தது கிடையாது. பல் முன்வாசல் வழியாகப் போகும், அவள் பின்வாசல் வழியாகப் போவாள்.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று துருவுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. அப்பா படுக்கையில் விழுந்தார், பிறகு அம்மா விழுந்தாள், நடுவில் தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தாள், நிமிர்ந்து பார்த்தபோது தலை நரைத்திருந்தது. வீட்டில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் வெளியே இருக்கும். மற்றதெல்லாம் அலமாரிக்குள் தூசி தின்றுகொண்டிருக்கும். டிவியை அவள் பார்ப்பதற்காகப் போடுவதில்லை. வீட்டில் ஏதாவது பேச்சுச் சத்தம் கேட்கட்டுமே என்று போடுவாள்.

இப்படிப்பட்டவளுக்குக் கப்பல் ஆசையைக் கிளப்பிவிட்டது அந்தத் தங்கைதான். ஒருநாள் போனில், வீட்டுக்காரரோடு ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது, "அக்கா, நாம ரெண்டு பேர் மட்டும் எங்கேயாவது போயிட்டு வரணும்க்கா. புள்ளைங்க வேணாம், இவரும் வேணாம். கப்பல்ல போறாங்களாமே, அந்த மாதிரி" என்றாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவள் சமைக்கப் போய்விட்டாள். பல்லக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அந்த வாரமே டிராவல்ஸ் ஆபீசுக்குப் போய் இரண்டு பேருக்கு அறை போட்டுவிட்டாள். தங்கையின் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஒரு ராத்திரிகூட ஒரே அறையில் படுத்துப் பேசியதில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். கடல் எல்லாம் சும்மா.

கப்பலில் ஏறி உட்கார்ந்தால் போதும் என்று நினைத்திருந்தாள். அது போதாதாம். கப்பல் வழியில் மூன்று துறைமுகங்களில் நிற்கும். ஒவ்வொன்றிலும் இறங்கி எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று முன்னாலேயே பதிந்துவிட வேண்டுமாம். தங்கையைக் கேட்டாள்.

"நீயே பாத்துப் போடுக்கா. எனக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. படகு ஆகவே ஆகாது, குமட்டும். மத்தபடி உன் இஷ்டம்."

மத்தபடி என்ன மிச்சம் இருக்கிறது? ஆனால் பல்லக்காவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. மெழுகு ஆறும் நேரத்தில் எல்லாம் போனைத் திறந்து வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தாள். முதல் துறைமுகத்தில் மலைமேல் ஒரு கோட்டை. படியோ படி, ஆகாது. பஸ்ஸிலேயே ஊரைச் சுற்றிக் காட்டுவதைப் போட்டாள். இரண்டாவதில் சின்னப் படகில் கடல் குகைக்குள் கூட்டிப்போவார்கள். உள்ளே தண்ணீர் நீலமாக ஒளிவிடுமாம். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுவிட்டு லிஃப்ட் இருக்கிற மீன் காட்சிசாலையைப் போட்டாள். மூன்றாவதில் ஒரு பெரிய தோட்டம். மேடு பள்ளமில்லாத பாதை, திருப்பத்துக்குத் திருப்பம் பெஞ்சு. பெஞ்சில் முதுகு சாய இடம் இருக்குமா என்று டிராவல்ஸ் பெண்ணை விசாரிக்கச் சொல்லி, இருக்கும் என்று பதில் வந்த பிறகுதான் பதிந்தாள். முகம் தெரியாத வாய்க்கெல்லாம் கச்சிதமாகப் பொருத்திப் பழகியவள், சொந்தத் தங்கையின் முட்டிக்குப் பொருத்த மாட்டாளா?

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண் கேலி செய்தாள். "பல்லக்கா, நீங்க ஊர் பாக்கப் போறீங்களா, உக்காந்துட்டு வரப் போறீங்களா?"

"ரெண்டும்தான், போடி" என்றாள் பல்லக்கா. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

போன் வந்தபோது ஒரு மேல்செட்டுக்கு முன்பல் நட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதே. என் பெரிய பொண்ணுக்கு வேலை வேற ஊருக்கு மாறிடுச்சு. அவ குழந்தையைப் பாத்துக்க ஆள் இல்ல, நான்தான் போய் இருக்கணும். நீ போயிட்டு வாக்கா. நிறைய போட்டோ அனுப்பு."

"பரவால்ல. குழந்தைதானே முக்கியம்."

பரவாயில்லை என்று சொல்வதில் பல்லக்கா கைதேர்ந்தவள். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் முன்பல் கோணலாக நின்றது. பிடுங்கி மறுபடி நட்டாள், மறுபடியும் கோணல். பரவாயில்லையாவது மண்ணாங்கட்டியாவது என்று மெழுகுக் கத்தியை மேஜையில் வீசினாள். பிறகு அழுதாள். கண்ணில் புகை பட்டுவிட்டது என்று சாக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை, அதனால் தாராளமாக அழுதாள்.

சுற்றுலாக்களை மாற்ற அன்றுதான் கடைசி நாள். வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள். "நீங்க மட்டும்தானாம்மா? அப்போ இதையெல்லாம் மாத்திடலாமே. உங்க முட்டி நல்லாத்தானே இருக்கு. உங்களுக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்க."

கேள்வி என்னவோ சாதாரணக் கேள்விதான். ஆனால் பல்லக்காவை யாரும் அப்படிக் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"மத்தவங்க எல்லாம் எதை எடுக்கறாங்க?"

"மத்தவங்களை விடுங்கம்மா."

பல்லக்கா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு, ஏதோ திருட்டுத்தனம் செய்கிறவள் போலத் தாழ்ந்த குரலில், "அந்தக் குகைக்குப் போற படகு" என்றாள்.

"போட்டாச்சு. கோட்டை?"

"ஏறலாம். ஆனா மெதுவாத்தான் ஏறுவேன். இறங்கி வர நேரமாயிட்டா என்னை விட்டுட்டுப் போயிடுவாங்களே?"

"நீங்களா வண்டி பிடிச்சுப் போனா விட்டுட்டுப் போயிடும். கப்பல்காரங்களோட டூர்ல போனா, நீங்க வர்ற வரைக்கும் கப்பல் நிக்கும்மா."

"ஒரு ஆளுக்காகவா?"

"ஒரே ஒரு ஆளா இருந்தாலும்."

பல்லக்கா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அவ்வளவு பெரிய கப்பல், அத்தனை பேர், பல்லக்கா ஒருத்திக்காகக் காத்துக்கொண்டு நிற்பது. நம்பத்தான் முடியவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

"மூணாவது, தோட்டம். இதுக்குப் பதிலா என்ன போடலாம்?"

"அது அப்படியே இருக்கட்டும்."

"சரி, ஒரு சீட்டு."

"இல்ல, ரெண்டு."

அந்தப் பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "தங்கச்சி வரலைன்னு சொன்னீங்களேம்மா?"

"அவ அப்படித்தான் சொல்வா. சின்ன வயசுல எங்க கூப்பிட்டாலும் வரலைன்னு சொல்லிடுவா. நான் தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பாத்தா, ஒரு கால்ல மட்டும் செருப்பு மாட்டிக்கிட்டுப் பின்னாலேயே ஓடி வருவா."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அறைப் பதிவில் தங்கையின் பெயர் இன்னும் இருக்கிறது, கப்பல் ஏறும் நாள் வரை விட்டுவைக்கலாம் என்று சொல்லி, இரண்டு என்றே பதிந்தாள். பல்லக்கா நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கடைகள் மூடிக்கொண்டிருந்தன.

தெருமுனைக்கு வந்ததும் தன்னையறியாமல் திரும்பிப் பார்த்தாள். டிராவல்ஸ் பெண் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் வரவில்லை.