ஜாஸ்லினின் இடது கை

என் மகள் ஜாஸ்லினுக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது அவளுக்கு இரண்டரை வயது. சம்பா நடவு நேரம். வயலுக்குச் சோறு எடுத்துக்கொண்டு, அவளை இடுப்பில் வைத்து வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தேன். முதலில் அவளுடைய இடது கைக் கட்டைவிரல் உள்ளே மடங்கியது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு கை முழுதும் இழுத்தது, கண் மேலே செருகியது, வாயோரம் நுரை வந்தது. தூக்குவாளியை எங்கே போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருக்காட்டுப்பள்ளியில் டாக்டர் மருந்து எழுதி, இரண்டு வருஷம் விடாமல் கொடுக்கச் சொன்னார். அந்த மாதத்திலேயே இன்னும் இரண்டு தடவை வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூண்டி மாதா கோயிலுக்கு ஓடினேன். ஒரு ரூபாய்க் காசு அளவில் மாதா உருவம் பதித்த சின்னப் பித்தளைச் சுரூபம் வாங்கி, சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து, கறுப்புக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் கட்டினேன். அதற்குப் பிறகு வரவில்லை. எட்டாவது மாதம் மருந்தை நானே நிறுத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அடைக்கலசாமியிடம், வெளியே யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். பெண் பிள்ளை. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவள். ஜாஸ்லினிடமே நாங்கள் சொல்லவில்லை. கயிறு எதற்கு என்று கேட்டால், மாதா காவல் என்பேன். அவளும் அதோடு விட்டுவிடுவாள்.

சதுரங்கம் எங்கள் வீட்டுக்குப் போன் வழியாகத்தான் வந்தது. என் வீட்டுக்காரர் குத்தகை நிலத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். ஏழு வயதில் ஜாஸ்லின் அவரோடு போய், அவர் போனில் முகம் தெரியாத யார் யாரோடோ ஆடுவாள். பள்ளிக்கூடத்தில் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். தன்னைவிடப் பெரிய பிள்ளைகளைத் தோற்கடித்துவிட்டு, பசிக்கிறது என்று வந்து நின்றாள். பிறகு திருச்சி, சென்னை, டில்லி என்று போனாள். பதினொரு வயதில் வெளிநாடு. புண்ணியவான்கள் பலர் உதவினார்கள். அவர்களுக்காக நான் செபிக்காத நாளில்லை.

கூடப் போவது நான்தான். எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. ராஜா எது, ராணி எது என்பது மட்டும் தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் மற்றத் தாய் தகப்பன்மார் பலகையைப் பார்ப்பார்கள். நான் அவள் இடது கையைத் தேடுவேன். அது கண்ணில் படாது. அந்தக் கையை மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடிக்கொள்வது அவள் வழக்கம். அவள் முகத்தைப் பார்த்தே நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

சில ஆட்டங்களில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தவத்தில் இருப்பவளைப் போல யோசிக்கிறாள் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பையனின் அப்பா, “என்னங்க, உங்க பொண்ணு யோசிக்குதா, தூங்குதா?” என்று என்னிடம் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்க, பெரிய ஆட்டக்காரர்கள் கலந்துகொள்ளும் போட்டிகளில் மூன்று தடவை அவர்கள் சொல்லும் அளவுக்குப் புள்ளி எடுத்துக்காட்ட வேண்டும். நார்ம் என்பார்கள். மற்றத் தகுதியெல்லாம் வந்துவிட்டது. பதினைந்து வயதுக்குள் இரண்டு நார்ம் எடுத்துவிட்டாள். மூன்றாவதற்காகப் போன வருஷம் சென்னைக்குப் போனோம்.

முதல் நாளே அறிவித்துவிட்டார்கள். மிஷின் வைத்து ஏமாற்றுகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் கழுத்திலோ கையிலோ பையிலோ உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. ஜாஸ்லின் கயிற்றைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அவள் கழுத்தைவிட்டு இறங்காத கயிறு. அன்று நான் எத்தனை செபமாலை சொன்னேன் என்று தெரியாது. மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரத்தில், சுரூபத்தை மட்டும் எடுத்து அவள் சுடிதாரின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். கண்ணில் பட்டால்தானே தப்பு என்று நினைத்தேன். தினமும் பிரித்து அடுத்த உடுப்பில் தைத்தேன். அவளுக்கு அது தெரியாது.

எட்டுச் சுற்று நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாவதுதான் கடைசி. கஜகஸ்தான் பையன் ஒருவனோடு ஆட்டம். சமன் செய்தாலே பட்டம். பாதி ஆட்டத்தில் ஜாஸ்லின் பாத்ரூமுக்கு எழுந்து போனாள். அதுவரை கண்ணால் பார்த்துத்தான் அனுப்பினார்கள். அன்றைக்கென்று வாசலில் செம்மொழி என்ற பெண் நடுவர், உலோகம் இருந்தால் கத்தும் சோதனைக் கம்போடு நின்றார். முழங்காலருகே கம்பு கத்தியது.

அங்கே என்ன இருக்கிறது என்று செம்மொழி கேட்டார். ஒன்றுமில்லை என்று ஜாஸ்லின் சொன்னாள். அவர் மடிப்பைத் தடவிப் பார்த்தார். வட்டமாக, கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. கடிகாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். அந்தப் பையனின் பயிற்சியாளர் பின்னாலேயே போய் இங்கிலீஷில் சத்தம் போட்டார். நானும் உள்ளே போய், அது நான் தைத்து வைத்த மாதா சுரூபம், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன்.

செம்மொழி கோபப்படவில்லை. “சாமி படம்னா மொத நாளே காட்டியிருக்கலாமேம்மா. எதுக்கு மறைச்சுத் தைச்சீங்க?”

அறையில் ஆறேழு பேர் நின்றார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகளின் தாய்மார் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்தால் என் பிள்ளை ஏமாற்றுக்காரி. சொன்னால் வலிப்புக்காரி. மாதாவே என்றேன்.

“அம்மா, சொல்லும்மா” என்றாள் ஜாஸ்லின்.

“வலிப்புங்க. சின்னதுல எம்பொண்ணுக்கு வலிப்பு வந்துச்சு. இது மேல இருந்தா வராதுன்னுதான்” என்றேன்.

ஜாஸ்லின் என்னைப் பார்த்த பார்வை அதுவரை நான் பார்க்காதது. கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள். செம்மொழியே தையலைப் பிரித்தார். எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள். ஆட்டம் தொடரலாம், அதுவரை இது எங்களிடம் இருக்கட்டும் என்று ஒரு உறைக்குள் போட்டுக்கொண்டார்கள். பிள்ளை மாதா காவல் இல்லாமல் போய்ப் பலகை முன்னால் உட்கார்ந்தாள்.

இரண்டு மணி நேரம். கண்ணாடியில் என் மூச்சு படிந்து படிந்து மறைத்தது, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு தடவை வலது கையால் மடியில் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தாள். நான் கதவைத் தள்ளப் போனேன், காவலுக்கு நின்றவர் தடுத்தார். சிறிது நேரத்தில் நிமிர்ந்து காய் நகர்த்தினாள். கடைசியில் இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். சமன். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரயிலில் விழுப்புரம் தாண்டியதும் ஜாஸ்லின் என் பக்கம் திரும்பினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“அம்மா, வலிப்புன்னா கை இழுக்குமா?”

“ஆமாடா.”

“இடது கையா? கட்டைவிரல் உள்ள போகுமா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“எனக்கு ரெண்டு வருஷமா வருதும்மா. ஆடும்போது வரும். விரல் மடங்கும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது. முழிச்சுப் பாத்தா கடிகாரத்துல பத்து நிமிஷம் போயிருக்கும். ரொம்ப யோசிச்சா எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும்போலன்னு நெனச்சேன். இன்னைக்கும் வரப் பாத்துச்சு, அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன்.”

இரண்டு வருஷமும் சுரூபம் அவள் கழுத்தில்தான் இருந்தது. மாதாவை நான் குறை சொல்லவில்லை. மருந்தை நிறுத்தியது நான். பிள்ளை தனக்கு என்ன வருகிறது என்றே தெரியாமல் ஊர் ஊராகப் போய்த் தனியாக உட்கார்ந்து ஆடியிருக்கிறாள்.

தஞ்சாவூரில் நரம்பு டாக்டரிடம் போனோம். எத்தனை வயதில் ஆரம்பித்தது, மருந்தை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். தலையைப் படம் எடுத்தார்கள். காலையும் மாலையும் வேளை தவறாமல் மாத்திரை போட வேண்டும், ஆடலாம், ஆனால் கூட இருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்றார். தெரியாத இடத்தில் வந்து விழுந்தால் ஆபத்து என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர், கூட இருப்பவர்கள் என்றால் யார் யார் என்று மூன்று தடவை கேட்டார்.

அடுத்த ஞாயிறு மாலை, கோயில் மைதானத்தில் பாராட்டுக் கூட்டம். சொந்தபந்தமெல்லாம் முன்வரிசையில் இருந்தது. மாலை மாலையாகப் போட்டார்கள். மாத்திரை நேரம் வந்ததும் ஜாஸ்லின் மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அட்டையைப் பிரித்தாள். என் நாத்தனார் அனிட்டா எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, பிள்ளைக்குத் தலைவலியா?”

ஆமாம் என்று சொல்வது எனக்குக் கை வந்த பழக்கம். ஜாஸ்லின் மாத்திரையை உள்ளங்கையில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல அனிட்டா. வலிப்புக்கு” என்றேன்.

அனிட்டாவுக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் யாரோ ஜாஸ்லினைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாங்கித் திறந்து கொடுத்தேன்.