கழட்டுனத காட்டு

அம்மாவின் சிவப்பு நகப்பூச்சுப் புட்டியோடு நைனா காருக்கு அடியில் படுத்திருந்த காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நான்கு ஷாக் அப்சார்பர்களுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டியில் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே பழகிய கண். பால்காரர், கேபிள்காரர், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என எல்லோரையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தார். மெக்கானிக் என்றால் கேட்கவே வேண்டாம். "மாத்திட்டேன்னு வாயால சொல்லுவான். கழட்டுனத காட்டு, அப்பால பேசலாம்" என்பார். கழற்றிக் கொடுத்த பாகத்தில் பொட்டு இருந்தால் உண்மையாகவே மாற்றியிருக்கிறார்கள். பொட்டு வண்டியிலேயே இருந்தால் காசு மட்டும்தான் கைமாறியிருக்கிறது.

ஆனால் அந்த முறை விஷயம் வேறு. அம்மாவுக்கு முதுகெலும்பில் கட்டி. கதிர்வீச்சு சிகிச்சைக்காக, எங்கள் பேச்சில் கரண்ட் வைப்பதற்காக, திருவொற்றியூரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியிருந்தது. கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட சாலை. எங்கள் பழைய கார் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரும்வரை குதித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு குதிப்புக்கும் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். கத்த மாட்டாள். "மெதுவா போயேன்" என்பாள், அவ்வளவுதான். ஏற்கெனவே நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் நைனாவுக்கு அதைக் கேட்டால் உயிரே போய்விடும். அவள் வலியில்லாமல் போய்வர வேண்டும், அந்த ஒன்றைத் தவிர அப்போது அவர் வேறெதையும் கேட்கவில்லை.

ஷோரூமில் ஸ்பிரிங் உட்பட மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். மருத்துவச் செலவுக்கு நடுவே அது நடக்கிற காரியமா? யாரோ கைகாட்ட, புளியந்தோப்பில் ஒரு ஷெட்டுக்குப் போனோம். ஷெட்காரர் வாய் நிறையச் சிரிப்பவர். அந்தச் சிரிப்பே நைனாவுக்குப் பிடிக்கவில்லை. "பெர்சு, ஸ்பிரிங்கு நல்லாத்தான் கீது, அத்த தொடவாணாம். ஷாக்க மட்டும் மாத்திக்கலாம். எல்லாம் புது மாலு" என்றார் அவர். ஸ்பிரிங்கைப் பற்றிச் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பேசுகிறாரே என்று நைனாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. நாள் முழுக்க ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. வாங்கிக் கொடுத்த டீயையும் குடிக்கவில்லை. சாயங்காலம் பழையதைக் கோணியில் கட்டிக் கொடுத்தார்கள். அங்கேயே பிரித்துப் பார்த்தார். நான்கிலும் சிவப்புப் பொட்டு இருந்தது. அவர் முகம் தொங்கிப்போனது. யாரும் தன்னை ஏமாற்றவில்லை என்பதைவிடப் பேஜாரான விஷயம் அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

அடுத்த நாளே வண்டி மறுபடியும் குதித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் காருக்கு அடியில் படுத்தார். புது ஷாக் ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தார். கறுப்புப் பெயிண்ட் துணியோடு வந்துவிட்டது. அதற்கடியில், இரும்பின் மேல், ஆணியால் கீறிய சின்னச் சிலுவை ஒன்று இருந்தது. எங்களைப் போலவே ராயபுரம் மாதா கோயிலுக்குப் போகிற யாரோ ஒருவர், நைனாவைப் போலவே ஒரு சந்தேகப் பிராணி, ஷெட்டுக்கு வண்டியை விடுவதற்கு முன்னால் அடையாளம் வைத்திருக்கிறார். நைனாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அவனுக்கு ஒயுங்கா மாத்திக்கீறான். அவனும் பாத்துட்டு குஷியா பூட்டான். அவனாண்ட கழட்டுனது நம்ம வண்டில கீது!" என்றார். பிறகு அம்மா படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. புளியந்தோப்பில் அன்று நடந்த சண்டையில் பேசிய எதுவும் அச்சில் ஏறாது. கொடுத்த காசைப் பிடுங்கிக்கொண்டு வந்து, கடையில் புது ஷாக்குகளைத் தானே சீல் பிரித்துப் பார்த்து வாங்கினார். ராயபுரத்தில் தெருவோரம் வேலை பார்க்கும் பாய் ஒருவர் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வண்டி மெத்தென்று போனது. உண்மையாகவே மெத்தென்றுதான் போனது. பின் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். நைனா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "இன்னாமே, வலிக்குதா?"

"இல்லியே. கப்பல்ல போறாப்புல கீது" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

முந்தானைக்கு அடியில் அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நகம் இறங்கியது. இனி வண்டியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நோய் அவ்வளவு தூரம் போயிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். நைனா அன்று முழுக்க ஒருவரையும் திட்டவில்லை.

அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது வண்டி ஓட்டுவது நான், முன் சீட்டில் நைனா. பெட்ரோல் போடும்போது நானும் மீட்டரைவிட்டுக் கண்ணெடுப்பதில்லை. அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. போன வாரம் எண்ணூர் சாலையில் சிக்னலுக்காக நின்றிருந்தோம். குறுக்கே போன ஆட்டோ ஒன்று பள்ளத்தில் விழுந்து எழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கி உங்கம்மா வலிக்கலன்னு சொன்னாளே, அது மெய்யா? நீ பக்கத்துலதான குந்திக்கினு இருந்த."

"மெய்தான் நைனா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அப்போதும் நான் பார்வையைத் திருப்பவில்லை.