வெள்ளைக் கோட்டின் மேல் கிடந்தவர்

போன வருஷம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். விழுப்புரத்திலிருந்து பாண்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் கிராமம். ரோட்டுக்குத் தெற்கே தமிழ்நாடு, வடக்கே புதுச்சேரி. டீக்கடை ஒரு மாநிலம், அதற்கு எதிரே ஒயின்ஷாப் இன்னொரு மாநிலம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நானும் அன்று வரைக்கும் சேர்ந்து சிரித்தவள்தான்.

சாயங்காலம் கம்பெனி வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்தேன். ஒயின்ஷாப்புக்கு முன்னால் கூட்டம். கரும்பு வெட்டிவிட்டு நடந்து வந்த ஒரு அக்காவைக் கார் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. நடுரோட்டு வெள்ளைக் கோட்டின் மேல் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரில் ஒருவர்கூடக் கிட்டே போகவில்லை.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். எங்கள் ஊரில் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் போகும். பாண்டியில் எடுத்தார்கள். இடத்தைக் கேட்டுவிட்டு, "அது தமிழ்நாடு லிமிட்டும்மா, அங்க சொல்லுங்க" என்றார்கள். எப்படிச் சொல்வது? திரும்ப அடித்தாலும் அதே குரல்தான் வந்தது.

அதற்குள் இரண்டு பக்கத்துப் போலீசும் வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆனால் வந்தவர்கள் அக்காவைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார்கள்.

"கோட்டுக்கு அந்தாண்ட கெடக்குறாங்க, உங்க கேசு" என்றார் பாண்டிப் பக்கத்துக்காரர்.

"அடிச்ச எடம் இங்க இல்ல சார். செருப்பு எங்க கெடக்குது பாருங்க, உங்க பக்கம்" என்றார் தமிழ்நாட்டுக்காரர்.

இருவரும் செருப்புக்குப் பக்கத்தில் நின்று போனில் மேப்பைப் பெரிசு பண்ணிப் பார்த்தார்கள். நான் என் துப்பட்டாவை அக்காவின் முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். "தொடாதம்மா, முடிவாவாம தூக்கினா நீதான் பேஜார்ல மாட்டுவ" என்று கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் எனக்குப் புத்தி சொன்னார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எந்த ஊர்ல கெடந்தா இன்னாம்மா, எங்கியாவது இட்டுக்கினு போங்க, வலி தாங்கல" என்றார்.

அப்போதுதான் அது நடந்தது. ஒயின்ஷாப்பிலிருந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் மெதுவாக பைக்கில் ரோட்டைத் தாண்டினார். தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் மேப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினார். "பாண்டிச் சரக்கோட பார்டர் தாண்டிட்ட, எறங்கு" என்றார்.

நான் எழுந்தேன். "சார், இவர் நிக்கிற எடம் எந்த ஸ்டேட்டு?"

"தமிழ்நாடு. அதான் புடிச்சிருக்கேன்."

"வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்துலதான் அக்கா கெடக்குறாங்க. அப்ப அவங்க எந்த ஸ்டேட்டு?"

அவர் பைக் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் வாயில் அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லோடு வண்டியை மறித்தேன். டிரைவர் எதுவும் கேட்காமல் இறங்கினார். பாட்டிலோடு பிடிபட்டவர்தான் முதலில் வந்து கைகொடுத்தார். அதைப் பார்த்த பிறகே கூட்டத்துக்குக் கை முளைத்தது. மூட்டைகளின் மேல் படுக்கவைத்து விழுப்புரம் கொண்டுபோனோம்.

உயிர் பிழைத்தது. காலை எடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். கரும்பு வெட்டிப் பிழைத்தவருக்கு ஒரு கால் போனால் என்ன மிச்சம்?

இப்போதும் அந்த இடத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாட்டில் பிடிக்கிறார்கள். எல்லை எங்கே என்று யாரும் மேப்பைப் பார்ப்பதில்லை. ஸ்கூட்டியை நிறுத்திப் பையைத் திறந்து காட்டும் ஒவ்வொரு முறையும் அக்காவின் கால்தான் கண்ணில் நிற்கிறது; அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம் என்றுதான் இருக்கிறேன்.