தட்டி ஓட்டையில் ஒரு கண்

நேற்று மகள் வீட்டு டிவியில் அந்த இங்கிலீஷ் படம் மறுபடியும் ஓடியது. வீட்டோடு முடங்கிக் கிடக்கும் ஒருவன், பொழுது போகாமல் எதிர்வீட்டு ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வீட்டில் கொலை நடந்துவிட்டதாக அவனுக்குச் சந்தேகம். எத்தனை தடவை பார்த்தாலும், எதிர்வீட்டுக்காரன் சட்டென்று திரும்பி இவனை நேருக்கு நேர் பார்க்கும் இடத்தில் என் கழுத்து தானாக இடதுபக்கம் போய்விடும். "என்னம்மா, சுவத்துல என்ன தெரியுது?" என்று மகள் சிரித்தாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு முன்னே பின்னே இருக்கும். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் புது டீச்சர். டீச்சர்கள் சினிமாவுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் பெரிய டீச்சரின் சட்டம். போனால் மறுநாளே அவருக்குத் தெரிந்துவிடும். யார் போய்ச் சொல்கிறார்கள் என்பதுதான் தெரியாது. ஒரு தடவை மாட்டி, மன்னிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

ஆனால் புதுக்கோட்டையில் அந்தப் படத்துக்கு அந்த ஞாயிறுதான் கடைசி நாள். மதியக் காட்சிக்குப் போவதென்று முடிவு செய்தேன். பயம் இருந்தது, பிடிவாதம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் எங்கள் தெரு ராக்கம்மா அக்கா. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்த விரல்கள், மடியில் மூக்குப்பொடி மட்டை. அவரும் அதே படத்துக்குத்தான்.

"இங்கிலீஷு படங்க்கா, ஒங்களுக்கு வெளங்குமா?"

"எட்டிப் பாக்குறதுக்கு என்னத்துக்கு ஆத்தா பாஷை?"

இத்தனை வருஷமாக அந்தப் படம் ஏன் ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதிலை நான் எங்கும் படிக்கவில்லை.

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே மூங்கில் தட்டி. தட்டியில் ஓர் ஓட்டை. அதற்கு எதிரே உட்கார நேர்ந்தவள் முந்தானையை இழுத்துவிட்டு நகர்ந்துகொள்வதே வழக்கம். அன்று நகர்ந்தால் தூண் மறைக்கும். நான் நகரவில்லை.

திரையில் எதிர்வீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். கொட்டகையே மூச்சை அடக்கியது. எனக்கு இடதுபக்கம் என்னவோ உறுத்தியது. திரும்பினேன். ஓட்டையில் ஒரு கண்.

"அசையாத ஆத்தா," என்றார் ராக்கம்மா அக்கா. ஒரு சிட்டிகைப் பொடியை உள்ளங்கையில் வைத்து, ஓட்டைக்குள் ஊதினார்.

அந்தப் பக்கம் தும்மல் கிளம்பியது. ஒன்றல்ல, ஆறு. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு "முருகா!" எங்கள் பள்ளிக்கூடமே அறிந்த தும்மல் அது. கிளார்க் சாருடையது. கொட்டகை சிரித்து அடங்கியது. நான் கடைசி எழுத்து மறையும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாள் பெரிய டீச்சர் கூப்பிட்டார். மேஜைமேல் என் பெயர் எழுதிய வேலைநீக்கக் காகிதம் தயாராக இருந்தது.

"நேத்து சினிமாவுக்குப் போனீங்களாமே?"

"போனேங்க டீச்சர். சொன்னவரு பொம்பளைங்க பக்கத்துத் தட்டி ஓட்டையில கண்ணை வச்சிருந்தாருங்க. அவரு தும்முனது கொட்டகைக்கே கேட்டுச்சு."

பெரிய டீச்சர் ஆபீஸ் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கிளார்க் சாரின் ஒரு கண் செக்கச் சிவந்திருந்தது. பெரிய டீச்சர் காகிதத்தை நாலாகக் கிழித்தார். பிறகு மெதுவாக, "கொலை நெசமாவே நடந்துச்சா?" என்றார். நின்றுகொண்டே கதையை ஆரம்பித்தேன்.

"உக்காந்து சொல்லுங்க."

தட்டி போயிற்று, கொட்டகை போயிற்று, ராக்கம்மா அக்காவும் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பெண்கள் உட்காரும் பக்கம் ஒரு மூலையில், கண்ணளவு கேமரா ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரும் முந்தானையை இழுத்துவிடுவதில்லை. பொடி ஊதினாலும் அது தும்மாது.